மேகம் இல்லாத படங்கள்

செயற்கைக்கோள் அனுப்பும் படத்தில் மேகம் தெரிந்தால் போதும், தரைநிலையத்துக் கணினி அதைக் கழித்துக் கட்டிவிடும். பளிச்சென்று இருக்கும் படங்களை மட்டும்தான் சேர்த்து வைத்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கும்.

ஐப்பசி வெள்ளத்தில் வளையை இழந்த வயல் எலி, வால் சொட்டச் சொட்ட அதனிடம் வந்தது.

"ஐயா, என் வளை மூழ்கினதுக்கு ஒரு படம் குடுங்க. அதைக் காட்டினாத்தான் மேட்டுல இடம் தருவாங்களாம்."

கணினி தேடிப் பார்த்தது. "அந்த வாரம் வந்த படம் ஒண்ணுகூடத் தேறலையே. எல்லாத்துலயும் மேகம்."

"மழை பெய்யும்போது மேகம் இருக்காதாங்க?"

"இருக்கலாம். ஆனா என்கிட்ட இருக்கிற பத்து வருஷப் படத்துலயும் உங்க ஊர்ல ஒரே வெயில்தான்."

எலியின் முகத்தைப் பார்த்ததும் கணினிக்கே மனசு இளகிவிட்டது.

"ஒண்ணு செய். வறட்சி நிவாரணத்துக்கு மனு போடு. எத்தனை படம் வேணும்னாலும் தர்றேன்."