மிலானுக்கு எட்டாத ஊர்

"மிலானுக்கும் வியன்னாவுக்கும் பிளைட்ல எவ்வளவு நேரமாகுமுங்க?"

அஸ்தம்பட்டியில் அந்த டிராவல்ஸ் அலுவலகத்துக்குள் நுழைந்து உட்கார்ந்ததும் வேலுமணி கேட்ட முதல் கேள்வி இதுதான். சங்ககிரியில் அவருக்குப் பதினாறு லாரிகள். பக்கத்தில் மகள் தனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மேல்படிப்புக்கு அவளுக்கு வியன்னா, மியூனிக், ஹெல்சிங்கி என்று மூன்று ஊர்களில் இடம் கிடைத்திருந்தது.

"அறுநூறு கிலோமீட்டர் சொச்சங்க. ஒன்றரை மணி நேரத்துல போயிரலாம்," என்றாள் டிக்கெட் போடும் சுகன்யா.

வேலுமணியின் முகம் சுருங்கியது. "மியூனிக்?"

"அது இன்னும் பக்கம். ஒரு மணி நேரந்தானுங்க."

"சங்ககிரியில இருந்து இங்க வாரதுக்கே எனக்கு அவ்வளவு ஆச்சு. ஹெல்சிங்கி?"

"ரெண்டாயிரம் கிலோமீட்டர் கிட்ட வருமுங்க. நேர் பிளைட்டுக்கே மூணு மணி நேரம்."

வேலுமணி மனசுக்குள் லாரியை ஓட்டிப் பார்த்தார். சங்ககிரியில் சரக்கு ஏற்றி டெல்லியை நெருங்குகிற தூரம். அவர் முகம் தெளிந்தது.

"ஹெல்சிங்கிக்கே போடு அம்மிணி."

தனப்பிரியாவின் கண்கள் கலங்கின. "அங்க பனி கொட்டுமுங்கப்பா. வியன்னாவுக்கு அனுப்புங்கப்பா."

"சொட்டரு வாங்கித் தாரேன் சாமி. நீ போயி கார்ல உக்காரு."

அவள் விசும்பிக்கொண்டே வெளியே போனாள்.

"மிலான்ல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களாங்க?" என்று கேட்டாள் சுகன்யா.

வேலுமணி குரலைத் தாழ்த்தினார். "எங்கிட்ட லாரி ஓட்டுன மாதையன் மகன் தனுஷ் அங்க படிக்கறான். இவளுக்கும் அவனுக்கும் காலேஜ்லயே பழக்கம். நம்ம சாதிக்கு அது ஒத்து வருமுங்களா? ரெண்டு வருசம் எட்ட இருந்தா தானா மறந்துரும்."

சாதி என்ற சொல்லில் சுகன்யாவின் விரல்கள் கீபோர்டில் ஒரு கணம் நின்று, மறுபடி தட்டின.

"அவரு மிலான்ல இருக்கறது நிச்சயந்தானுங்களா?"

"மாதையனைக் கேட்டாத் தெரியும். அதுக்காக அவன் ஊட்டு வாசல்ல போயி நானு நிக்கறதா? இவகிட்டயே சும்மா கேக்கற மாதிரி கேட்டேன். மிலான்னு பட்டுனு சொல்லிட்டா. வெவரம் பத்தாத புள்ளைங்க."

சுகன்யா டிக்கெட்டை அச்செடுத்து நீட்டினாள்.

வேலுமணி வெளியே வந்து, கார் ஜன்னல் வழியாக அதை மகளிடம் கொடுத்தார். அவள் வாங்கிப் படித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் லாரித் தொழிலில் முப்பது வருஷமாகப் பழம் தின்று கொட்டை போட்டவர், இதற்கெல்லாம் இளகுவாரா? எதிர்ச்சாரியில் இருந்த துணிக்கடையில் நல்ல தடிமனான ஸ்வெட்டர் பார்க்க நடந்தார்.

அவர் சாலையைக் கடக்கும்வரை தனப்பிரியா காத்திருந்தாள். பிறகு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஹெல்சிங்கி ஏர்போர்ட்ல இருந்து உன் ரூமு எவ்வளவு தூரம், தனுஷ்?"