இடது காதுக்கு மட்டும்

“வாயை மூடிக்கிட்டு அஞ்சு நிமிஷம் அசையாம இருக்கணும் அக்கா. காதுக்குள்ள பசை இறுகினாத்தான் அளவு சரியா வரும்” என்றாள் முஷ்ரிபா.

“மூட வேணாங்க. வாயைத் தெறந்தே அளவெடுங்க” என்றாள் ஜீவராணி.

முஷ்ரிபா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கணவன் றுஷ்தி நடத்தும் போன் கடையில் ஒரு மூலை அவளுடையது. அவரவர் காதுக்கு அச்செடுத்து இயர்போன் செய்து கொடுப்பாள். பாடகர்கள்தான் வாயைத் திறந்து அளவெடுக்கச் சொல்வார்கள். தாடை அசைந்தால் காதுக்குழியும் அசையும். மூடிய வாயோடு எடுத்த அச்சு பாடும்போது கழன்றுவிடும். மடுல்சீமை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு இது எதற்கு?

“நீங்க பாடுவீங்களா அக்கா?”

“பாட்டா! நான் பாடினா மலையில ஒரு குருவி நிக்காதுங்க. கடையில வாங்கினதெல்லாம் வாயைத் தெறந்தா விழுந்துருது. ஒண்ணு கொழுந்தோட சேர்ந்து பெக்டரிக்கே போயிருச்சு.”

முஷ்ரிபாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“வெளிய துருத்திக்கிட்டு இருக்கக் கூடாதுங்க. கூடைக் கயிறு பட்டா வலிக்கும். அப்புறம், இடது காதுக்கு மட்டும் போதும்.”

“ரெண்டு காதுலயும் போட்டாத்தானே கேக்க நல்லா இருக்கும்?”

“வலது காதுக்கு வேற வேலை இருக்குங்க.”

தேயிலை மலையில் குளவிக் கூட்டம் கலைந்து வந்தால் கேட்கத்தான் என்று முஷ்ரிபா நினைத்துக்கொண்டாள். ஜீவராணியின் பற்களுக்கு நடுவே சின்னக் கட்டையை வைத்து, இடது காதுக்குள் பசையை விட்டாள். இரண்டு வாரத்தில் வரச் சொல்லி அனுப்பினாள்.

யாரோ யாரையோ இப்படி விழுந்து விழுந்து கேட்கிறார்களே என்று அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அவளும் ஒரு யூடியூப் சனல் வைத்திருந்தாள். தமிழ் ஆட்களுக்குப் பேச்சுச் சிங்களம். பஸ்ஸில் பேச, தபால் கந்தோரில் பேச, டாக்டரிடம் பேச என்று பத்தொன்பது பாடங்கள். ஒரு வருடத்தில் சேர்ந்தது ஒரே ஒரு சப்ஸ்கிரைபர். அதுவும் றுஷ்தி பாவம் பார்த்துச் செய்த வேலை என்று சந்தேகப்பட்டாள்.

“வல்லாஹி, நான் இல்ல” என்றான் அவன். “அந்த ஒரு ஆளுக்காகவா இவ்வளவு மினக்கெடுற?”

அதன் பிறகு அவள் பாடம் போடவில்லை. மூன்று மாதமாயிற்று. இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை சனலையே அழித்துவிடுவதாக இருந்தாள்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, ஜீவராணி வந்தாள். இயர்போனை மாட்டி, வாயை அகலத் திறந்தாள், மூடினாள், தலையை உலுக்கினாள். அது அசையவே இல்லை.

“காதோட பொறந்த மாதிரி இருக்குங்க! ஒரு வலி இல்ல.”

“சத்தம் தெளிவா இருக்கா?”

“நீங்களே கேட்டுப் பாருங்களேன்” என்று கழற்றி நீட்டினாள்.

முஷ்ரிபா துடைத்துத் தன் காதருகே வைத்தாள்.

“பப்புவ ரிதெனவா. நெஞ்சு வலிக்குது. எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க பார்ப்போம்.”

முஷ்ரிபாவின் குரலேதான். பன்னிரண்டாம் பாடம்.

“குரலைக் கேட்டதும் போன தடவையே நீங்கதான்னு நெனச்சேன். கேக்கத்தான் கூச்சமா இருந்துச்சு டீச்சர்” என்றாள் ஜீவராணி. கண் கலங்கியிருந்தது. “போன மாசம் எங்ககூடக் கொழுந்து எடுக்குற விஜயலெட்சுமிக்கு நெஞ்சு வலி. கூட யாரும் போக முடியல. டாக்டர்கிட்ட அவளே சிங்களத்துல இதைச் சொல்லியிருக்கா. உடனே பார்த்துட்டாங்க. இப்ப நல்லா இருக்கா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடச் சொன்னா.”

முஷ்ரிபா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்ல வேண்டியவள் தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் கணக்கு இடித்தது.

“அக்கா, என் சனல்ல இருக்கிறதே ஒரே ஒரு ஆள். அது நீங்கன்னா, விஜயலெட்சுமி எப்படிக் கேட்டாங்க?”

“அவகிட்ட ஏதுங்க போனு? மலையில போனைச் சத்தமா வைக்கவும் விட மாட்டாங்க. ஆனா பேசினா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல” என்று இயர்போனை மறுபடி இடது காதில் மாட்டிக்கொண்டாள் ஜீவராணி. “இந்தக் காதுல நீங்க சொல்லுவீங்க, நான் கொழுந்து எடுத்துக்கிட்டே உரக்கச் சொல்லுவேன். பக்கத்து நெரைகள்ல இருக்கிற முப்பத்திரெண்டு பேரும் திருப்பிச் சொல்லுவாங்க. அவுங்க சரியாச் சொல்றாங்களான்னு கேக்கத்தான் டீச்சர் அந்த வலது காது!”