சிவப்புச் சட்டைக்காரர்

“சார், எம் பொண்ணைக் கொஞ்சம் பாத்துக்கங்க!”

கடற்கரையில் கால் வைத்ததும் பேக்கரிக்காரம்மா சொன்ன முதல் வார்த்தை அதுதான். சிவப்பு டி-ஷர்ட், கழுத்தில் விசில், தலைக்கு மேலே கம்பத்தில் கயிறு கட்டித் தொங்கும் மிதவை வளையம். கடற்கரைக் காவலருக்கு இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் குடையை நட்டு, துண்டை விரித்துச் சாய்ந்துவிட்டாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது, பாவம். வருஷம் முழுக்க விடியும் முன்னே எழுந்து மாவு பிசைகிறவள். கோடை லீவில் மகளுக்குக் கொடுத்த ஒரே வாக்கு இந்தக் கடல். கடையைப் புருஷன் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

மகளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர்.

“அம்மா, இங்க பாரேன்! அம்மா, அலை என்னைத் தள்ளுது! அம்மா, நான் மீனும்மா!”

“பாக்கறேன், பாக்கறேன்,” என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டே.

வெயில் இமைக்குள் ஆரஞ்சு நிறமாக இறங்கியது. அலை வருவதும் போவதும் யாரோ தொட்டில் ஆட்டுவது போல இருந்தது. முதுகுக்குக் கீழே மணல் இளஞ்சூடாக இருந்தது. எத்தனை வருஷமாயிற்று இப்படிப் படுத்து!

நடுவில் ஒரு தடவை எழுந்து போனை நீட்டினாள்.

“சார், என்னையும் பின்னால தண்ணியில பாப்பாவையும் சேத்து ஒரு போட்டோ எடுங்களேன்.”

“இல்லீங்க, நான் வந்து…” என்று இழுத்தார் அவர். முகத்தைக்கூட அவள் பக்கம் திருப்பவில்லை.

நீட்டிய போனை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சம்பளம் வாங்குகிறவனுக்கு ஒரு போட்டோ எடுக்கக் கை வலிக்கிறதாமா?

அது போதாதென்று, அவருக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மனைவி, மூட்டை முடிச்சோடு.

“கிளம்பலாமாங்க? பசங்களுக்குப் பசிக்குது.”

“இன்னும் கொஞ்சம் இரு.”

‘வேலை நேரத்துல குடும்பத்தோட பிக்னிக் வேற!’ முணுமுணுத்துக்கொண்டே மறுபடி சாய்ந்தாள் பேக்கரிக்காரம்மா.

கண் சொக்கியது. கடையே கடலில் மிதந்து போவதாக ஒரு கனவு. பன்கள் ஒவ்வொன்றாக அலைமேல் ஏறி இறங்கிப் போயின. வாங்க ஆள் இல்லை, விற்கவும் ஆள் இல்லை. எங்கும் ஒரே அமைதி.

வாயாடியின் சத்தத்தையும் காணோம். அப்பாடா, ஒரு வழியாக அந்த வாய் ஓய்ந்தது.

பாதிக் கண் திறந்து பார்த்தாள். மகள் கொஞ்சம் தள்ளி, கழுத்துவரை தண்ணீரில், தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கைகள் தண்ணீரை மெல்ல மெல்ல அமுக்கின. அந்த இடத்தில் மட்டும் அலையே இல்லை. என்ன அழகு என் பெண்! அம்மா சிரித்தபடி கையசைத்தாள்.

விசில் அலறியது.

சிவப்புச் சட்டைக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று மிதவையை வீசினார். முதல் வீச்சு தவறியது. இழுத்து மறுபடி வீசினார். வளையம் குழந்தையின் நெஞ்சருகே விழுந்தது.

“கட்டிப் புடிச்சுக்க பாப்பா! நீந்தாத, சும்மா புடிச்சுக்க!”

விசில் கேட்டு ஓடிவந்த இரண்டு பேர் அவரோடு சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள்.

கரைக்கு வந்த வாயாடி இருமினாள், உப்புத் தண்ணீரைக் கக்கினாள், பிறகுதான் அழுதாள்.

“கூப்பிடணும்னு பாத்தேம்மா. சத்தமே வரல.”

அம்மா ஓடிவந்து மகளை வாரி அணைத்துக்கொண்டாள். பட்ட பயத்தை யார் தலையிலாவது இறக்கி வைத்தாக வேண்டும்.

“என்னய்யா காவல் காக்கறீங்க? குழந்தை முழுகுது, நீங்க முழங்காலுக்கு மேல நனையாம கயித்தை வீசறீங்க! உள்ள இறங்க மாட்டீங்களோ?”

அவரோ தண்ணீரில் நின்ற மற்ற பிள்ளைகளைக் கரையேறச் சொல்லி விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

விடுவாளா? மகளைத் துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு, தூரத்தில் கொடி பறந்த காவல் கூண்டுக்கு நடந்தாள், புகார் சொல்ல.

அங்கிருந்தவர் முதலில் குழந்தையைத்தான் பார்த்தார். “இப்ப நல்லாத்தான் இருக்கா. இருந்தாலும் தண்ணி குடிச்சிருக்கா, நேரா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

“காட்டறேன். முதல்ல அந்தப் பக்கம் இருக்கற உங்க ஆள்…”

“அந்தப் பக்கமா? அங்க எங்க ஆளே கிடையாதேம்மா. காவல் இந்தக் கொடிகளுக்கு நடுவுலதான். அங்க அலை இல்லாத மாதிரி தெரியும், அடியில உள்ள இழுக்கும். இறங்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோமே, பாக்கலையா?”

அவள் குடையும் பையும் எடுக்கத் திரும்பி வந்தபோது, சிவப்புச் சட்டைக்காரர் மிதவையைக் கம்பத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க… காவலர் இல்லையா?”

“பஸ் கண்டக்டருங்க. லீவுக்கு வந்தோம். விசில் பழக்கதோஷத்துல கழுத்துலயே கெடக்குது.”

“அப்ப, உள்ள இறங்காதது…”

“எனக்கு நீச்சல் தெரியாதும்மா.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்…”

மூட்டையைத் தூக்கிக்கொண்டே அவர் மனைவி சொன்னாள்:

“சொல்லத்தாங்க வந்தாரு. நீங்க ‘பாத்துக்கங்க’ன்னுட்டுப் படுத்துட்டீங்க. நீங்க முழிக்கற வரைக்கும் எப்படி எழுந்து போறதுன்னு உக்காந்துட்டாரு மனுஷன்.”