சாரத்தின் மேலே நின்றவன்

அறுபத்தெட்டில் ஓசூர்ப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த மின்நிலையத்தைப் பார்க்க வந்த புது அதிகாரி, நிழலில் பீடி பிடித்த ஆட்களைக் கண்டதும் கொதித்துவிட்டார்.

"நாளைலேருந்து ஒருத்தனும் வரவேண்டாம்!"

மேஸ்திரி முனிசாமி ஓடிவந்தார். "கஞ்சி குடிக்கற நேரமுங்க சார்..."

"சாரத்து உச்சில நிக்கறானே, அவனுக்குக் கஞ்சி வேண்டாமா? நான் காலைல வந்ததுலேருந்து வெயில்ல நகராம நிக்கறான். அவன் ஒருத்தன் போதும், கூப்பிடு!"

முனிசாமிக்குப் போன உயிர் திரும்பியது. "டேய் ஜெபராஜு, அவனத் தூக்கிட்டு வாடா!"

ஜெபராஜ் தோளில் சுமந்துவந்து இறக்கியதும் காக்கிச் சட்டைக்குள்ளிருந்து வைக்கோல் உதிர்ந்தது. மீசை வரைந்த சட்டித்தலை அதிகாரியைப் பார்த்து இளித்தது. முனிசாமி பணிவாகச் சொன்னார்:

"திருஷ்டி பொம்மைங்க சார். பாக்கறவங்க கண்ணெல்லாம் இவன் மேல விழணும், அதான் இவன் வேலை. அத ஒழுங்கா முடிச்சிட்டான். மிச்ச வேலைக்கு நாங்க வேணுமுங்களே?"