இரைச்சல்

பூங்கோதை, தான் உருவாக்கிய காது கேட்கும் கருவியின் சர்க்யூட் படத்தைக் காப்புரிமை வாங்காமல், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுப் பதினெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. சுற்றிப் பார்க்கப் போன மலையூரில், பள்ளி டீச்சர் ஒருத்தி பிள்ளைகளுக்காக அதே கருவிக்குச் சாலிடர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் கண்டுபிடிச்சது, டீச்சர்?"

"யாரோ ஒரு அம்மாங்க. படத்தைச் சும்மாவே குடுத்துட்டாங்க, புண்ணியவதி. ஆனா ஒரே இரைச்சலா இருக்கும். நாங்கதான் இந்த இடத்துல ஒரு கெப்பாசிட்டர் சேர்த்துச் சரி பண்ணினோம்."

பூங்கோதை காதில் மாட்டிக் கேட்டாள். நாலு வருடம் முட்டி மோதியும் அவளால் போக்க முடியாத இரைச்சல் அது, துளிகூட இல்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தவள், "எனக்கும் சொல்லித் தாங்க டீச்சர்" என்று பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.