ஐந்து மில்லிமீட்டர்

கடையில் மூன்றாவது ரப்பர் தலையுறையைப் போட்டுப் பார்க்கும்போது கம்மல் மாட்டிக்கொண்டது.

கம்மலைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். மறுபடி இழுத்தாள். ரப்பர் என்ன லேசில் இறங்குகிற சாமானா? நெற்றியைப் பிடித்தது. காதை மடக்கியது. தாடைக்கு வந்து சேர்வதற்குள் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

கண்ணாடியில் முட்டை வடிவத்தில் ஒரு முகம் மட்டும் மிச்சமிருந்தது.

பெர்க்மான்ஸ் பின்னால் நின்றான். அவள் கணவனின் தம்பி. மணப்பாட்டிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. குளிருக்குப் போட்டிருப்பது அண்ணன் செலஸ்டினின் கோட்டு. கை நீளம் சரியாக இருந்தது. அதைப் பார்க்காமலிருக்கத்தான் அவள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளை மறுநாள் செலஸ்டின் இறந்து ஓராண்டு.

காலையில் கோயிலில் பூசை. பிறகு இருவரும் ஆளுக்கொரு பலகையில் படுத்துத் துழாவிக்கொண்டு, அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய்ப் பூப்போட வேண்டும். அயர்லாந்தின் மார்ச் மாதக் கடல். தலையை மூடாமல் இறங்கினால் மண்டை தெறித்துவிடும் என்றாள் கடைப்பெண். சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்து சிப்ஸ் தின்னத் தொடங்கிவிட்டாள்.

இவளுக்குத் தெரியாததா? ஏழு வருடம் செலஸ்டினோடு இந்தக் கடலில் அலைச்சறுக்கியவள். தன் பழைய தலையுறையை அவளே குப்பையில் போட்டுவிட்டாள்.

"மத்ததெல்லாம் கெடக்கட்டும் மதினி. இதப் போட்டா காது கேக்கணும். அதான் முக்கியம்."

அதற்கு அவனே ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தான். அவள் போட்டுக்கொள்வாள். அவன் கடையின் கோடிக்குப் போய் நின்று சீழ்க்கையடிப்பான்.

முதலாவது மெல்லிசு. சத்தம் நன்றாகவே கேட்டது. ஆனால் கழுத்து தொளதொளவென்றிருந்தது, தண்ணீர் புகுந்துவிடும். இரண்டாவது அவள் தலைக்குப் போதவில்லை. மூன்றாவதை அவனாகவே கொக்கியிலிருந்து எடுத்து வந்து நீட்டினான்.

ஐந்து மில்லிமீட்டர்.

அவள் குப்பையில் போட்டது இதுதான். அதே கம்பெனி, அதே கனம். அவனுக்கு அது தெரியாது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று கேட்பானே. வாங்கி மாட்டிக்கொண்டாள்.

செலஸ்டின் வீட்டில், கடலில் இறங்கிவிட்டால் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயரைக் காற்று தின்றுவிடும். இரண்டு விரலை மடித்து நாக்குக்கடியில் கொடுத்து ஒரு சீழ்க்கை. குட்டையாக இரண்டு என்றால், நல்ல அலை வருகிறது, விட்டுவிடாதே. நீளமாக ஒன்று என்றால், போட்டது போட்டபடி திரும்பிப் பார்க்க வேண்டும்.

இந்த ஊரில் ஆபத்தென்றால் கையைத் தூக்கி ஆட்டுவார்கள். செலஸ்டினுக்கும் அதைச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். காலில் கட்டியிருந்த கயிறு அறுந்து, பலகை தனியே போய், நீரோட்டம் இழுத்தபோது, அவன் கை தானாக வாய்க்குப் போனது.

கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு கிழவர் பார்த்தாராம். வாயில் விரலை வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்தாராம்.

அவளுக்கும் அவனுக்கும் நடுவே ஐம்பது அடி.

கேட்கவில்லை என்றாள். போலீசிடம் சொன்னாள். பங்குச்சாமியிடம் சொன்னாள். போனில் மாமியாரிடம் சொன்னாள். தலையுறை போட்டிருந்தேன், கேட்கவில்லை.

"எம்மவன் விசிலு ஊருக்கே கேக்கும். கட்டுனவளுக்குக் கேக்கலியாம்" என்றாளாம் மாமியார்.

அன்றைக்கு அம்மாவோடு பேச்சை நிறுத்தியவன்தான் பெர்க்மான்ஸ். மதினி பொய் சொல்ல மாட்டாவ என்று ஊரெல்லாம் சண்டை போட்டான். இன்னும் அம்மா கையால் ஒரு வாய்ச் சோறு வாங்குவதில்லை. அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது அவன் பலகைகள் அடுக்கியிருந்த கோடிக்குப் போனான். கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தான். அண்ணனின் கோட்டைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டான். விரலை மடித்தான்.

கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. கல்லாவில் கடைப்பெண் சிப்ஸைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

கேட்டது.

மெலிதாகத்தான். எங்கோ தொலைவில், தண்ணீருக்கு மேலே, நூலைப் போல.

நீளமாக ஒன்று.

இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் இதேதான் வந்தது. நல்ல அலை ஒன்று எழும்பி வந்துகொண்டிருந்தது. கடற்காகம் கத்துகிறது என்று நினைத்தாள். பலகையைக் கரைப்பக்கம் திருப்பினாள்.

ஒரு வருடமாக அதைக் கடற்காகமாகவே வைத்திருந்தாள்.

கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ஓட்டமும் நடையுமாக வந்தான். அவள் காதோரம் ரப்பரை விரலால் தூக்கினான்.

"கேட்டுச்சா மதினி?"

எந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறான் என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

தலையசைத்தாள். இல்லை.

அவன் பெருமூச்சு விட்டான். அண்ணனின் கோட்டுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிக்கக்கூடச் செய்தான்.

"சொன்னேம்லா அம்மாட்ட."

பிறகு, முடி இழுபடாமல், மெதுவாக அவள் தலையிலிருந்து அதை உருட்டிக் கழற்றினான். கொக்கியில் திரும்ப மாட்டினான்.

"அப்ப இது நமக்கு வேண்டாம், மதினி. கேக்குறதாப் பாத்து வேற எடுப்போம்."