வாலடியில் ஒரு வெள்ளைத் திட்டு

ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு காளைகளை முகத்துக்கு முகம் பார்க்கக் கட்டியிருந்தார்கள். கிழட்டுக் காளை பொம்மைப் பசுவின் மேல் ஏறியே காலத்தைக் கழித்தது. அதன் விந்தை உறையவைத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். இனி அது உதவாது என்று தெரிந்ததும் இளங்காளையைக் கொண்டுவந்தார்கள்.

“ஊரெல்லாம் எனக்குப் பிள்ளைங்கதானாம். ஒண்ணோட மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்ல,” என்றது கிழட்டுக் காளை. “உனக்காவது அப்பன் யாருன்னு தெரியுமாடா?”

“ஊசி போடுறவர் குளிர்ந்த கேன்ல கொண்டுவந்தாராம். அவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரியும். என் வாலடியில ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு, பெரியவரே. அம்மாவுக்கு அது இல்ல. அப்போ அப்பாவுக்குத்தான் இருக்கணும்னு சொல்லி அந்த இடத்தையே நக்கும்.”

“அப்படி யாரையும் நான் பார்த்ததில்லையேடா.”

மறுநாள் அடிமாட்டு லாரி வந்தது. கிழட்டுக் காளையைத் திருப்பிப் பலகை வழியாக ஏற்றினார்கள். அப்போதுதான் இளங்காளை அதன் பின்பக்கத்தைப் பார்த்தது. வாலடியில் வெள்ளைத் திட்டு.

“அப்பா! அப்பா!” என்று கயிறு அறுந்துவிடும்படி கதறியது.

லாரியின் கதவைச் சாத்தினார்கள். உள்ளே இருட்டில் கிழட்டுக் காளை காதை நிமிர்த்திக் கேட்டது.

“பரவாயில்ல, பயலுக்கு அப்பன் கிடைச்சுட்டான் போல.”